இடது காதுக்கு ஆறு வாரம்

எங்கள் வீட்டுக்காரருக்கு இடது காது கேட்காது என்பது கல்யாணமான மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்குத் தெரிவதற்கு, அவர் அங்கே வேன் ஓட்ட ஆரம்பித்துப் பதினோரு வருடம் பிடித்தது. அதுவும் அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்களிடம் டீ-சர்ட் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர், வேன் டிரைவர்களுக்கு உடம்பைச் சோதித்த சீட்டு எங்கே என்று கேட்டாராம். மறு வாரமே ஒரு டாக்டர் எங்கள் கேண்டீனில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கண் சரி, ரத்தம் சரி, சர்க்கரை சரி. காதுக்கு வந்ததும் டாக்டர் இவருடைய இடது பக்கம் நின்றுகொண்டு மெதுவாகக் கேள்வி கேட்டிருக்கிறார். இந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையை ஆட்டியிருக்கிறார். பேர் என்ன என்றதற்கும் ஆமாங்க. எந்த ஊர் என்றதற்கும் ஆமாங்க. பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று இவருக்கு உறைத்ததாம்.

எச்.ஆர். ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அதே பனியன் கம்பெனியில்தான் வேலை. செக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கும் முப்பது பெண்களுக்கு நான் பொறுப்பு. நாள் முழுக்க ஓட்டை தேடுகிறவள் என் வீட்டு ஓட்டையைக் கோட்டை விட்டேன் என்று ஆபீசருக்கு ஒரே சிரிப்பு. சிரித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, மூணு மாசம் டைம். காது சரியாயிருச்சுன்னு டாக்டர் சர்டிஃபிகேட் வந்தா அண்ணனுக்கு வேன். இல்லைன்னா பேக்கிங்ல போட்டுருவோம். பொம்பளைங்க ஏறுற வண்டி, ரிஸ்க் எடுக்க முடியாதுக்கா."

பேக்கிங்கில் போட்டால் சம்பளம் ஒன்றும் குறையாது. ஆனால் அவருக்கு அந்த வேன் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. சாயப்பட்டறையில் துணி தூக்கிக்கொண்டிருந்தவர், முப்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்து இந்த சீட்டில் உட்கார்ந்தார். குன்னத்தூர்ப் பக்கத்து ஊர்களில் விடிந்ததும் பெண்களை ஏற்றி எட்டு மணிக்குள் கம்பெனியில் இறக்குவார். ஒரு நாள் தவறியதில்லை. வெள்ளிக்கிழமை வேனுக்கு வைக்கும் பொட்டை ஒரு நாளாவது எனக்கு வைத்திருப்பாரா என்றால் கிடையாது. ஆபீசர் ரூமை விட்டு வெளியே வந்ததும் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாவத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இருபது வருடமாகக் காட்டுங்கள், காட்டுங்கள் என்று கத்துகிறேன். கேட்டால்தானே?

காது டாக்டர் ஒரு பெண். குழாய் போன்ற ஒன்றைக் காதுக்குள் விட்டு, உள்ளே இருப்பதை டி.வி. திரையில் காட்டினார். செவிப்பறையின் நடுவே மிளகு போகிற அளவுக்கு ஓட்டை. நான் பார்த்த ஓட்டைகளிலேயே சுத்தமான வட்டம் அது. சின்ன வயதில் சீழ் வந்து ஆறாமல் போயிருக்கும் என்றார். நரம்பு நன்றாக இருக்கிறது, ஓட்டையை அடைத்தால் கேட்கும், வலது காதும் முக்கால்தான் கேட்கிறது, ஆனால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். பிறகு, "காதுல எதையாச்சும் விட்டுக் குடைவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே" என்றார் இவர்.

"வண்டிச் சாவிங்க" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த சாவியைப் பார்த்தார். "சாவியாலயா?" என்றார். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். அவர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்படியானால் பைத்தியம் நான் இல்லை.

காது நன்றாகக் காய வேண்டும் என்று மூன்று வாரம் சொட்டு மருந்திலேயே போயிற்று. அதற்குப் பிறகு ஆபரேஷன். காதுக்குப் பின்னால் கீறி, தசை மேல் இருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டு எடுத்து, ஓட்டைக்கு அடியில் வைத்து ஒட்டினார்கள். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்தபோது, இவர் முதலில் கேட்டது, "வேன் ஆரு ஓட்டறா?" என்றுதான். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திட்டியிருப்பேன், அது வேறு.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆறு வாரம், அம்மா. அந்தத் துண்டு பிடிக்கறது இனி உங்க கையிலதான் இருக்கு." காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பளு தூக்கக் கூடாது. காதில் எப்போதும் பஞ்சு இருக்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். என்னிடமா சொல்ல வேண்டும்? ஒரு ஆர்டரில் நாலாயிரம் பீஸ் வந்தாலும் ஒரு நூல் பிசிறு விடாமல் அனுப்புகிறவள் நான்.

ஆனால் பீஸ் சொன்ன இடத்தில் கிடக்கும். மனிதர் கிடக்க மாட்டார். சனிக்கிழமை வந்தால் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கழுத்துக்குக் கீழே மட்டும் என்று சொல்லிக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே சொம்பு எடுக்கும் சத்தம் தலை உயரத்தில் கேட்டதும் கதவைத் தட்டினேன். "ரோதன தாங்கல சாமி" என்று உள்ளேயிருந்து முனகினார். யாருக்கு ரோதனை? எனக்கா, அவருக்கா?

பார்க்க வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். இவருடைய தங்கை காங்கேயத்திலிருந்து, அவர்கள் ஊர் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வந்த உடனே அண்ணன் தலையை மடியில் சாய்த்துவிட்டாள். நான் காபி போடப் போன நேரம். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கினேன்.

"ஏனுங் அண்ணி, என்ற அண்ணன் காதுக்கு நான் எண்ண ஊத்தக்கூடாதா?"

"ஊத்து கண்ணு. ஊத்தீட்டு நீயே கூட்டிப்போயி மறுக்கா ஆபரேசன் பண்ணீட்டு வா."

அவள் காபி குடிக்காமல் போய்விட்டாள். கூடப்பிறந்த அண்ணனைத் தொடவிடவில்லை என்று ஊர் பூராவும் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும். அந்தத் துண்டு பிடிப்பதுதான் எனக்கு முக்கியம். யாருக்கும் நல்லவளாக இருக்க அப்போது எனக்கு நேரம் இல்லை.

இத்தனைக்கும் நடுவே, நாலாவது வாரம் டாக்டர் காதுக்குள் வைத்திருந்த அடைப்பையெல்லாம் எடுத்துவிட்டுத் திரையில் காட்டினார். துண்டு பிடித்திருந்தது. ரோஜாப்பூ நிறத்தில், சுருக்கம் இல்லாமல். ஆட்டோவில் திரும்பி வரும்போது இவர் சட்டென்று முன்னால் குனிந்து ஆட்டோக்காரரிடம், "ஏங்க, அதென்னங்க டிக் டிக்குங்குது?" என்று கேட்டார். "இண்டிகேட்டருங்க" என்றார் அவர். "அதுக்குச் சத்தம் வருமா?" என்றார் இவர். பதினோரு வருடம் வேன் ஓட்டிய மனிதர் கேட்கிற கேள்வியா இது? வளைவு தாண்டி ஒரு மைல் போன பிறகும் எங்கள் வேனில் இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே இருப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது.

உட்கார்ந்து செய்யும் வேலையாக இருந்தால் போகலாம் என்று டாக்டர் சொன்னதால், மறுநாளே கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சர்டிஃபிகேட் வரும்வரை என் செக்‌ஷனிலேயே, மேஜைக் கடைசியில், சைஸ் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். "அக்கா, அண்ணனையும் செக் பண்ணித்தான் அனுப்புவீங்களா?" என்றார்கள். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. கண் முன்னால் இருந்தால் காவல் சுலபம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் சாயந்திரம் ஆனால் எல்லோர் தலையிலும் உடம்பிலும் பஞ்சு. அப்படியே பஸ்ஸில் ஏறினால் நரைத்த கிழவி என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். அதனால் துணியில் ஒட்டிய பிசிறை ஊதித் தள்ள வைத்திருக்கும் ஏர் கன்னை எடுத்து, ஒருவர் மேல் ஒருவர் அடித்துவிடுவோம். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று, புஸ் என்று அடித்தால் முதுகு சில்லென்று ஆகிவிடும். உடம்பின் மேல் அடிக்கக் கூடாது என்று தூணில் படத்தோடு எழுதி ஒட்டியிருக்கிறது. எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று மாதம் ஒரு தடவை நோட்டில் கையெழுத்துப் போடுகிறவளும் நான்தான். ஆடிட் அன்றைக்கு மட்டும் கன்னை அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். மற்ற நாட்களில் பெல் அடித்ததும் அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே நான் கன்னோடு நிற்பேன். பெண்கள் வரிசையாக வந்து திரும்பி நிற்பார்கள். தலை, கழுத்து, முதுகு, போ. தலை, கழுத்து, முதுகு, போ. முப்பது பேர். என் கையில் காற்று வாங்காமல் போனால் அவர்களுக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

ஐந்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. மறுநாள் ஷிப்மெண்ட். அயர்னிங்கிலிருந்து பீஸ் வந்து சேரவில்லை என்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே கை பாட்டுக்குக் காற்றை அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு தலை வந்து நின்றது. காது ஓரமெல்லாம் பஞ்சு. அடித்தேன். எல்லாம் பறந்தது, காதுக்குள் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பிசிறு விட்டாலும் ஆகாது. கன்னைக் கிட்டே கொண்டுபோய் மறுபடியும் அடித்தேன். அந்தப் பஞ்சு தெறித்துப் போயிற்று. தலை அப்படியே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தது.

அது நான் காலையில் என் கையால் வைத்துவிட்ட பஞ்சு.

"அட கெரகமே!" என்று கத்தினேன். "நீங்க எதுக்குங்க இங்க வந்து நின்னீங்க?"

"எல்லாரும் நிக்கறாங்களேன்னு நின்னேன்" என்றார். அப்போதும் அவரைத்தான் திட்டினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த எண்ணெய்ப் பாட்டிலைப் பிடுங்கிய கை, சொம்புச் சத்தத்துக்குக் கதவைத் தட்டிய கை. டாக்டர் சொன்ன பட்டியலில் இது இல்லைதான். எந்த டாக்டருக்குத் தோன்றும் இது? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை முந்திக்கொண்டு இவர், "வாயை மூடீட்டுத் தும்மிட்டனுங்க" என்றார். டாக்டர் பிடித்துக்கொண்டார். எத்தனை தடவை சொன்னேன், ஒரு தும்மலுக்கு வாயைத் திறக்க உங்களால் முடியவில்லையா, உங்கள் சம்சாரம் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்துக்கொண்டார்கள் என்று சரமாரியாகத் திட்டினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயே வரவில்லை. யார் யாரிடமோ சண்டைக்குப் போகிற வாய்.

துண்டின் முன் ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தது. ஓரத்தில் மருந்து தொட்டு, மெல்லிய காகிதம் போன்ற ஒன்றை ஒட்டினார் டாக்டர். இன்னும் ஆறு வாரம், மூடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்றார். ஆனால் கம்பெனி கொடுத்த மூன்று மாதம் அதற்கு முன்பே முடிந்துவிடும். போய்க் கேட்டோம். ஆபீசர் கையை விரித்தார். தும்மலுக்கெல்லாம் டைம் நீட்டிக்க முடியாது, வேறு டிரைவரைப் பேசி முடித்தாகிவிட்டது, முதல் தேதியிலிருந்து அவருக்கு வேன் என்றார்.

எனக்குப் பொக்கென்று போயிற்று. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றபோது இவரே சொன்னார்: "கம்பெனிக்குள்ள அடிபட்டா டைம் குடுப்பாங்க. அது எனக்கும் தெரியும். அதுக்கு, ஆரு அடிச்சாங்கன்னு கேப்பாங்க. நீ வாயத் தொறக்காத அம்மிணி. வேன் போனாப் போகுது."

போனால் போகிறதாமே! சாயப்பட்டறையிலிருந்து அந்த சீட்டுக்கு வர அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? இந்தப் பெருந்தன்மை யாருக்கு வேண்டும்? இரண்டு நாள் பொறுத்தேன். மேஜைக் கடைசியில் உட்கார்ந்து எல், எக்ஸெல், எல், எக்ஸெல் என்று ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நேராக ஆபீசர் ரூமுக்குப் போனேன்.

"தும்மலு இல்லீங்க சார். ஏர் கன்னு. அடிச்சது நானுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்க்கா இதையெல்லாம் வந்து சொல்றீங்க?" என்றார் பரிதாபமாக. இதை ஆக்சிடென்ட் என்று எழுத வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், நான் மாதாமாதம் போட்ட கையெழுத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அவருக்கும் தலைவலி. ஆனாலும் எழுதினார். கம்பெனிக்குள் பட்ட அடி என்பதால் காது ஆறும்வரை வேன் இவருக்காக நிறுத்திவைக்கப்பட்டது. புது டிரைவர் தற்காலிகம் என்று ஆயிற்று. என் இன்சார்ஜ் பதவி அந்த வாரமே போயிற்று. மறுபடியும் மேஜையில் துணி பார்க்கும் வேலை. இன்சார்ஜ் ஆனது, நான் தொழில் கற்றுக்கொடுத்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீய, எனக்கு ஒங்கள வேல வாங்க வாய் வருமா?" என்று அழுதாள். "வரும் கண்ணு, பழகிரும்" என்றேன். வந்தது. ஒரே வாரத்தில் வந்தது.

விஷயம் தெரிந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. "உன்னைய ஆரு சொல்லச் சொன்னா? பதவி போச்சே, தெரியுதா உனக்கு?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எனக்குக் கோபத்தைவிடத் திகைப்பு. இந்தக் குரல் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டேன். ஓட்டை உள்ள காதில் தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்குமாம், அதனால் மெதுவாகப் பேசுவார்களாம், அடைபட்டால் குரல் ஏறுமாம். நல்ல வைத்தியம்தான் போங்கள். ஊரே தங்கமான மனிதர் என்று சொன்னதெல்லாம் அந்த ஓட்டையின் புண்ணியம் போலிருக்கிறது. டாக்டரிடம் உண்மையையும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏர் கன் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டு, செய்யக் கூடாதவை பட்டியலில் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து ஓட்டை மூடியிருந்தது. காதில் கருவியை மாட்டிக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. முழுசாக இல்லை, ஆனால் வண்டி ஓட்டத் தாராளமாகப் போதும் என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை வேனைக் கழுவிப் பொட்டு வைத்து எடுத்தார். அந்த வேனில் டிரைவருக்கு இடது பக்கத்து முன் சீட் இன்சார்ஜுக்கு. யாரும் எழுதி வைக்காத சட்டம். நான் இத்தனை நாளும் அங்கே உட்கார்ந்து, அந்தக் காதுக்குள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்தினேன். அன்றைக்கு ஏறியதும் கால் தானாக முன்னால் போயிற்று. பிறகு திரும்பிக் கடைசி சீட்டுக்குப் போனேன். அடுத்த ஊரில் புது இன்சார்ஜ் பெண் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். என்னவோ கேட்டாள். இவர் ஒரே தடவையில் பதில் சொன்னார். இன்னும் என்னவோ சொன்னாள். சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே எரிந்தது. ஆறு வாரமும் இன்னொரு ஆறு வாரமும் அந்தக் காதைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான். அங்கே உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுகிறவள் அவள்.

திருப்பூருக்குள் நுழைந்ததும் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கத்தவில்லை. பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில், கடைசி சீட்டில் இருந்தபடியே, "ஏனுங்க" என்றேன்.

மேலே இருக்கும் கண்ணாடியில் அவர் கண் என்னைத் தேடிப் பிடித்தது.

"என்னம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "பச்சை விழுந்திருச்சு பாருங்க. எடுங்க வண்டிய."